மூச்சின் சுமையாட்கள்

பெரும்பொருளைக் கண்டு வியத்தல் எவர்க்கும் எளிது; சிறுபொருளைக் கண்டு வியத்தற்கோ அறிவின் துணை வேண்டும். வடசென்னைக் கடற்கரையில் ஓங்கி நிற்கும் பாரந்தூக்கிகளையும், குன்றுபோல் அடுக்கப்பெற்ற சரக்குப் பெட்டிகளையும், அவற்றைச் சுமந்து வரிசை வரிசையாய் நிற்கும் லாரிகளையும் கண்டு மலையாதார் இலர். ஆயின், அவற்றைக் கண்டு நிற்பார் ஒவ்வொருவர் உடம்பினுள்ளும், அதனினும் ஓய்வில்லாத துறைமுகம் ஒன்று இரவும் பகலும் நடைபெற்று வருகின்றது என்பதனை அறிந்தார் சிலரே. அவ்வுள்துறைமுகத்தின் சுமையாட்கள் யாவர் என்பதனையும், அவர்தம் தோள்மீது நாம் ஏற்றிவரும் பளு யாது என்பதனையும் எடுத்துரைத்து, அதுபற்றி எனக்குத் தோன்றும் கருத்தினைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் பயில்வானுக்கு உயிர்நூலில் என்ன வேலை என்று நண்பர் சிலர் வினவலாம். அவர்க்கு விடை கூறுதல் அரிதன்று. இராயபுரத்திலும், திருவொற்றியூரிலும், எண்ணூரிலும் வாழும் மக்கள் தம் இருமலையும் இளைப்பையும் தமிழிலேயே சொல்லி மருத்துவர்முன் நிற்கின்றனர். நோயைச் சொல்லும் மொழியிலே நோயின் காரணமும் சொல்லப்படல் வேண்டும் அன்றோ? அறிவு ஆங்கிலத்திலும் துன்பம் தமிழிலும் இருக்குமாயின், இரண்டும் என்று சந்திக்கும்? ஆதலின் இத்துறையில் தமிழ் மாணவனே முற்பட்டுப் பேசுதல் தகும் என்பது என் துணிபு.

இனிப் பொருளுக்கு வருவோம். நம் உடம்பு கோடானுகோடி உயிரணுக்களால் ஆயது. ஒவ்வோர் உயிரணுவும் ஒரு சிற்றூர் போன்றது. ஒரு பக்கத்தில் ஆக்கிய பொருள் மற்றொரு பக்கத்திற்குச் செல்லுதல் வேண்டும். கழிந்த பொருள் அகற்றப்படுதல் வேண்டும். இவ்வேலைகளுக்கென அமைந்த புரதங்கள் சில உள. அவற்றை இயக்கப் புரதங்கள் என்னலாம். உயிரணுவினுள் நுண்குழல்கள் என்னும் பாதைகள் ஓடுகின்றன. அவற்றின் தடிப்பு ஏறத்தாழ 25 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறே ஒரு நானோமீட்டர். இப்பாதைகளின்மீது இயக்கப் புரதங்கள் சுமையைப் பற்றிக்கொண்டு அடிமேல் அடியெடுத்து நடக்கின்றன. ஏ.டி.பி. என்னும் பொருளைச் சிதைத்து, அதினின்று வெளிப்படும் ஆற்றலையே அவை உணவாகக் கொள்ளுகின்றன.

இவற்றுள் மூன்று குடிகள் தலையாயவை. தசையைச் சுருக்கும் மயோசின் ஒன்று. பெரும்பாலும் உயிரணுவின் நடுவிலிருந்து புறம் நோக்கிச் சுமை கொண்டுசெல்லும் கைனீசின் ஒன்று. புறத்திலிருந்து நடுவிடம் நோக்கிச் சுமை கொண்டுவரும் தைனீன் ஒன்று. டகரம் தமிழில் மொழிமுதல் வாராது ஆதலின் இதனைத் தைனீன் என்றே எழுதுவேன். ஆற்றலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்த பெயர் இது. 1965 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த இயன் கிப்பன்ஸ் என்னும் அறிஞர், நன்னீரில் வாழும் ஓரணு உயிர் ஒன்றின் மயிரிழைகளினின்று இதனைப் பிரித்தெடுத்து இப்பெயரை இட்டார். கைனீசின் வெளிப்பட்டது அதற்கு இருபது ஆண்டுகளின் பின், 1985 இல். ரொனால்டு வேல் முதலியோர் அதனைக் கண்டது எதனுள் என்றால், கடற்கணவாயின் பெருநரம்பினுள். காசிமேட்டு மீன்சந்தையில் கடம்பா என்று கூவி விற்கும் அதே இனம்தான் அது. நம் வலைஞர் நாள்தோறும் கரைசேர்க்கும் ஓர் உயிரினுள் இத்தகைய அறிவுக் கருவூலம் பொதிந்திருந்தது என்பது எண்ணுந்தொறும் இன்பம் பயப்பதாம்.

இம்மூன்றனுள் யான் எடுத்துக்கொண்டது தைனீனே. அதன் வன்மையும் மென்மையும் நமக்குக் கற்பிக்கும் பாடம் பெரிது. அப்பாடத்தை விளக்கினோருள் நம் நாட்டவர் ஒருவர் முன்னிற்கின்றார். ரூப் மல்லிக் என்னும் பௌதிக அறிஞர் அமெரிக்காவில் ஆராய்ந்துகொண்டிருந்தபொழுது, உடனாய்வாளரோடு சேர்ந்து 2004 ஆம் ஆண்டில் வியத்தகு செய்தி ஒன்றை வெளியிட்டார். தைனீன் சுமையின்றி நடக்கும்பொழுது 24 அல்லது 32 நானோமீட்டர் நீளமுள்ள அடியை எடுத்து வைக்கின்றது. சுமை ஏற ஏற அவ்வடி குறுகுகின்றது. பெருஞ்சுமையின் கீழ் 8 நானோமீட்டரே நகர்கின்றது. மேடேறும் வண்டி பல்லிணையை மாற்றிக்கொள்ளுமாறு போல, இச்சிறு புரதமும் பளுவுக்கேற்பத் தன் நடையை மாற்றிக்கொள்ளுகின்றது என்று அவர்கள் கண்டனர். தலையிற் சும்மாடு வைத்து மூட்டை சுமந்து பலகைமீது ஏறும் தொழிலாளியைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். வெறுங்கையனாய் வருங்கால் அவன் நீள நடப்பான். மூட்டையோடு ஏறுங்கால் சிற்றடியே வைப்பான்.

மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் அவர் பின்னர் நடத்திய ஆராய்ச்சியோ அதனினும் இனிது. கைனீசின் தனித்து நின்றால் வலியது. ஆயின் பலவாய்க் கூடினால் ஒன்றோடொன்று ஒத்து இழுப்பதில் அத்துணைத் திறமுடையதன்று. தைனீன் தனித்து நின்றால் மெலியது; ஆயின் பலவாய்க் கூடினால் முன்னிற்பது அடியைக் குறுக்கிக்கொள்ளப் பின்னிற்பது வந்து சேர, எல்லாம் நெருங்கி நின்று பளுவைப் பகிர்ந்து கொள்ளுகின்றன. 2013 ஆம் ஆண்டில் வெளிவந்த இச்செய்தியைப் படித்தபொழுது, ஊர்கூடித் தேரிழுத்தல் என்னும் நம் வழக்கே என் நினைவிற்கு வந்தது. இவ்வாராய்ச்சிகளுக்காக அவர்க்கு 2018 ஆம் ஆண்டின் இன்போசிஸ் பரிசு வழங்கப்பெற்றது.

நிற்க. மேற்கூறியது உயிரணுவினுள் நடந்து திரியும் தைனீன். அதன் உடன்பிறப்பாகிய மற்றொரு தைனீன் நடந்து திரிவதில்லை. நின்ற இடத்தே நின்று துடுப்பு வலிக்கின்றது. அது வாழும் இடம் நம் மூச்சுக்குழல். மூக்கு முதல் நுரையீரலின் சிறு கிளைகள் வரையுள்ள உட்சுவரில் நுண்ணிய மயிரிழைகள் அடர்ந்து முளைத்துள்ளன. அத்தகைய உயிரணு ஒன்றில் ஏறத்தாழ இருநூறு இழைகள். ஓர் இழையின் நீளம் ஆறு, ஏழு மைக்ரோமீட்டர். நொடிக்குப் பத்துமுறைக்கு மேலாக அவை துடிக்கின்றன. ஓர் இழையைக் குறுக்கே வெட்டி எலெக்ட்ரான் நுண்பெருக்கியின்கீழ் வைத்துப் பார்ப்பின், வட்டமாக ஒன்பது இணைக்குழல்களும் நடுவே இரண்டு தனிக்குழல்களும் காணப்படும். அவ்வொன்பதினும் கைகள் போல் நீண்டு நிற்பவை தைனீன்களே. ஒரு குழலின் கைகள் அடுத்த குழலைப் பற்றித் தள்ள, இழை வளைகின்றது, விட, நிமிர்கின்றது. பல்லாயிரம் இழைகள் ஒன்றன்பின் ஒன்றாய் இங்ஙனம் அசையுங்கால், காற்று வீசும் நெல்வயலில் அலை ஓடுமாறு போல மூச்சுக்குழலின் உட்புறத்தில் அலை ஓடுகின்றது.

அவ்வலையின் பயன் யாது? மூச்சுக்குழலின்மேல் மெல்லிய சளிப்படலம் ஒன்று போர்த்தியுள்ளது. நாம் உள்வாங்கும் காற்றிலுள்ள தூசும், நோய்க்கிருமியும், புகைக்கரியும் அப்படலத்தில் ஒட்டிக்கொள்ளுகின்றன. மயிரிழைகள் அப்படலத்தைத் தொண்டையை நோக்கி நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வீதம் மேலே தள்ளுகின்றன. தொண்டையை அடைந்ததும் நாம் அறியாமலே அதனை விழுங்கிவிடுகின்றோம். நாம் உறங்கும்பொழுதும் உறங்காது, கூலி கேளாது, பெயரும் பெறாது நடைபெறும் துப்புரவு இது.

இத்துப்புரவு நின்றுபோனால் என்னாகும் என்பதனை இயற்கையே நமக்குக் காட்டியுள்ளது. 1933 ஆம் ஆண்டில் சூரிச் நகர மருத்துவர் கார்த்தகெனர் என்பார், சில நோயாளரிடத்து மூன்று குறிகள் ஒருங்கே இருத்தலைக் கண்டார். ஓயாத மூக்கடைப்பும் சைனஸ் நோயும் ஒன்று. மூச்சுக்குழல்கள் விரிந்து சளி தேங்குதல் ஒன்று. இதயம் இடப்பக்கம் இராது வலப்பக்கம் இருத்தல் ஒன்று. மூக்குக்கும் இதயத்தின் இருப்பிடத்துக்கும் தொடர்பு யாது என்பது நாற்பது ஆண்டுகளுக்கு மேல் விடுகதையாயிருந்தது. 1976 இல் சுவீடன் நாட்டு அறிஞர் அப்செலியஸ் அவ்விடுகதையை விடுவித்தார். இந்நோயாளர் மயிரிழைகளில் தைனீன் கைகளே இல்லை! கையில்லாத துடுப்பு எங்ஙனம் வலிக்கும்? அவர்தம் இழைகள் அசையாது நின்றன; சளி தேங்கிற்று; நோய் குடிகொண்டது.

இதயம் இடம் மாறியது ஏன் என்பதும் பின்னர் விளங்கிற்று. ஜப்பானிய அறிஞர் ஹிரோகாவா முதலியோர் 1998 இல் எலிக்கருவினை ஆராய்ந்து, கருவின் ஒரு சிறு குழியிலுள்ள மயிரிழைகள் சுழன்று நீரை இடப்பக்கமாய் ஓட்டுதலைக் கண்டனர். அவ்வோட்டமே கருவுக்கு இடம் இது, வலம் இது என்று காட்டுகின்றது. இழைகள் அசையாவிடின் இதயம் இடமோ வலமோ செல்லுதல் தற்செயலாய் முடிகின்றது. ஆதலால் இந்நோயாளரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இதயம் வலத்தே அமைகின்றது. ஒரு புரதத்தின் கையசைவு இதயத்தின் இருப்பிடத்தையே வகுக்கின்றது என்றால், அதனைச் சிறிது என்று இகழ்வார் யார்?

இப்பெற்றித்தாய துப்புரவுக்கும் ஓர் எல்லை உண்டு. அதனை அறிதலே நம் வாதத்துக்கு உயிர்நாடி. பருமனான தூசு மூக்கிலும் மேற்குழல்களிலும் படிந்து மயிரிழைகளால் அகற்றப்படும். 2.5 மைக்ரோமீட்டரினும் சிறிய நுண்டூசோ நுரையீரலின் அடியிலுள்ள காற்றறைகள் வரை சென்றுவிடும். மனிதரின் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர் என்றால், இந்நுண்டூசின் சிறுமையை அளந்துகொள்க. காற்றறைகளில் மயிரிழைகள் இல்லை. அங்கே காவல் புரிவன விழுங்கணுக்கள். அவை தூசையும் கிருமியையும் விழுங்க, விழுங்கிய பொதியை உயிரணுவினுள்ளே செரிக்கும் இடத்துக்கு இழுத்துச் செல்வது மீண்டும் தைனீனே. மேற்கூறிய மல்லிக்கின் குழுவினர் இவ்விழுப்பையும் ஆராய்ந்துள்ளனர். இங்ஙனம் இழுத்துச் சென்ற கிருமி செரிந்து ஒழியும். ஆயின் நிலக்கரித்தூளும் உலைச்சாம்பலும் செரியுமோ? தைனீன் தன் கடமையைச் செவ்வனே செய்து சுமையைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றது. சேர்த்த இடத்தில் அச்சுமையை ஆக்கவும் அழிக்கவும் வகையில்லை. விழுங்கணு அதனைத் தாங்கியபடியே மேலேறி மயிரிழைகளின் அலையைச் சேர்ந்தால் தப்பிற்று; சேராதவை நுரையீரலிலேயே தங்குகின்றன. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல் கருத்துப்போவது இவ்வாற்றானேயாம்.

மயிரிழைகளும் எல்லாவற்றையும் பொறுப்பனவல்ல. புகையிலைப் புகைக்கு ஆட்பட்டோரின் இழைகள் குட்டையாகின்றன. சளியைத் தள்ளும் விரைவு குறைகின்றது. விடியற்காலையில் அவர் இருமும் இருமல் அதன் விளைவே. கந்தக ஈராக்ஸைடும் அம்மோனியாவும் எலிகளின் மூச்சுக்குழல் இழைகளின் துடிப்பைத் தடைசெய்தலை 1956 ஆம் ஆண்டிலேயே சுவீடன் நாட்டு ஆய்வாளர் தால்ஹாம் காட்டியுள்ளார். இவை யாவும் ஆய்வுக்கூடத்துச் செய்திகள் என்று ஒதுக்கத்தக்கனவோ? நம் வடசென்னைக்கு இவை ஒவ்வொன்றும் வீட்டுச் செய்தியாகும்.

இராயப்பர் பெயரால் வழங்கும் இராயபுரம் தென்னாட்டின் பழம் புகைவண்டி நிலையத்தை உடையது. 1856 ஆம் ஆண்டில் தென்னாட்டின் முதல் புகைவண்டி அங்கிருந்தே புறப்பட்டது. அதன் அண்டையிலுள்ள சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் நெடுங்காலம் திறந்த வெளியில் குவிக்கப்பட்டன, ஏற்றவும் இறக்கவும்பட்டன. சுற்றுப்புறத்து வீடுகளின் சுவரும், உலர்த்திய துணியும், குடிநீர்க் குடமும் கரிபடிந்தன. மக்கள் முறையிட்டனர். 2011 ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம், அவ்வாண்டு அக்டோபர் முதல் தூசெழும் அச்சரக்குகளை அங்கே கையாளுதல் கூடாது என்று ஆணையிட்டது. நல்லாணை, இராயபுரத்தார் உள்ளம் குளிர்ந்தனர்.

ஆயின் அந்நிலக்கரி எங்கே சென்றது? நாட்டை விட்டு அகன்றதோ? இல்லை. வடக்கே ஏறத்தாழ 24 கிலோமீட்டர் சென்று, 2001 இல் தொடங்கப்பெற்று 2014 முதல் காமராசர் பெயர் தாங்கி நிற்கும் எண்ணூர்த் துறைமுகத்தை அடைந்தது. அங்கேதான் 630 மெகாவாட்டும் 1,200 மெகாவாட்டுமாகிய பகுதிகளையுடைய வடசென்னை அனல்மின் நிலையமும், 1,500 மெகாவாட்டு வல்லூர் அனல்மின் நிலையமும் நிலக்கரியை எரிக்கின்றன. எரிந்த சாம்பலை நீரிற் கரைத்துக் கொண்டுசெல்லும் குழாய்கள் ஒழுகிக் கொற்றலையாற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிந்தமை தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின்முன் வழக்காகிய செய்தி. அடுத்துள்ள மணலியோ 2009 ஆம் ஆண்டிலேயே மிகுதியும் மாசடைந்த தொழில்வட்டாரங்களுள் ஒன்றாக நடுவண் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தால் குறிக்கப்பெற்றது. 2023 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, எண்ணூரை அடுத்த பெரியகுப்பத்தருகே ஓர் உரத்தொழிற்சாலையின் கடலடிக் குழாயினின்று அம்மோனியா கசிந்தது. உறங்கிக்கொண்டிருந்த மக்கள் கண்ணெரிந்து, மூச்சுத்திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினர். பலர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர்.

இவ்விடத்தே நம்மவர் வாயில் வழங்கும் ஒரு சொல்லைக் கண்டித்தல் என் கடமையாகின்றது. எண்ணூர்ப் பக்கத்தைப் பற்றிப் பேச்சு வருந்தோறும், "அவர்களுக்கு அது பழகிப்போயிற்று" என்று சொல்லி அமைவார் பலர். நகரின் தென்பகுதியில் வாழ்வாரும் சொல்லுகின்றனர், கற்றோரும் சொல்லுகின்றனர், சலிப்பு மிகுதியால் அவ்வூரார் சிலரும் சொல்லுகின்றனர். இச்சொல் உண்மையன்று, உயிர்நூலுக்கும் ஒவ்வாது, அறத்துக்கும் ஒவ்வாது.

உயிர்நூலுக்கு ஒவ்வாமை யாங்ஙனம் எனின், காட்டுவேன். நாசிக்கு நாற்றம் பழகும். அஃது உணர்வு மழுங்குதல். காதுக்கு இரைச்சல் பழகும். அதுவும் உணர்வு மழுங்குதலே. உணர்வு மழுங்குதலைப் பொறுத்தல் என்று எண்ணுதல் மயக்கம். மயிரிழையின் தைனீனுக்குப் பழக்கம் என்பது இல்லை. எண்ணூரிற் பிறந்த குழந்தையின் மூச்சுக்குழலும் அடையாற்றிற் பிறந்த குழந்தையின் மூச்சுக்குழலும் ஒரே அமைப்பின. ஒன்பதும் இரண்டுமாகிய அக்குழல்கள் அங்கும் ஒன்பதும் இரண்டுமே. மிகுந்த தூசு வரும் என்று அறிந்து இயற்கை அவர்க்கு மிகுந்த கைகளை வைக்கவில்லை. இழைகளின் துப்புரவு போதாதவிடத்து இருமல் எழுகின்றது. இருமல் என்பது பழகியதன் அடையாளமன்று. முதற்படை தளர்ந்தபொழுது அழைக்கப்பெறும் இரண்டாம் படை அது. தைனீன் கைகள் இல்லாது பிறந்த நோயாளர் வாழ்நாளெல்லாம் இருமியே சளியை வெளியேற்றுகின்றனர் என்பதனை இங்கு நினைவுகூர்க. அவர்க்கு அதனைப் பிறப்பு செய்தது. ஒரு வட்டாரத்தார்க்கு அதனை ஒத்த துன்பத்தைப் புகையும் தூசும் செய்தல் தகுமோ?

அறத்துக்கு ஒவ்வாமை இன்னும் தெளிவு. வடசென்னையில் ஆக்கும் மின்னாற்றலால் நகரமெங்கும் விளக்கெரிகின்றது. எம் கல்லூரி நூல்நிலையத்தின் விளக்கும் அதனால் எரிவதே. வெளிச்சம் எல்லார்க்கும் பொது. சாம்பல் மாத்திரம் ஒரு மூலையார்க்கு உரிமை என்றால் அது பங்கீடாகுமோ? பலர் ஒருங்கே நின்று பளுவைப் பகிர்தலே தைனீனின் பெருமை என்று மேலே கண்டோம். அறிவில்லாப் புரதம் பகிர்ந்து சுமக்கின்றது. அறிவுடைய நகரமோ தன் சுமையெல்லாம் ஒருவன் தலைமேல் ஏற்றிவிட்டு, அவனுக்கு அது பழகிப்போயிற்று என்கின்றது!

இதற்கு மறுப்புரைப்பாரும் உளர்; அவர் கூறுவனவற்றையும் எண்ணிப்பார்த்தல் முறை. தொழிற்சாலைகள் மூடப்பட்டால் தொழிலாளர் பிழைப்பு என்னாகும் என்று ஒருசாரார் வினவுவர். வினா நேரியது. துறைமுகமும் ஆலையும் இல்லாத வடசென்னையை யானும் விரும்புகின்றிலேன். பல தலைமுறைகள் அவற்றால் உண்டு உடுத்து வாழ்ந்தன. ஆயின் தொழில் வேண்டும் என்றால் தூசும் வேண்டும் என்பது எவ்வகை அளவை? நிலக்கரியை மூடிய பட்டைகளின் வழியே கொண்டுசெல்லுதல், குவியலை நீர்தெளித்தும் மூடியும் காத்தல், சாம்பற்குழாயை ஒழுகாது பேணல், புகைப்போக்கியிற் கந்தகத்தை நீக்கும் கருவி அமைத்தல் ஆகிய இவையெல்லாம் எவரும் அறியாத மந்திரங்களல்ல. இவற்றுக்குச் செலவு உண்டு. அச்செலவை ஆலை கொடாதபொழுது அது மறைந்துவிடுவதில்லை. எண்ணூரில் வாழ்வான் தன் நுரையீரலிலிருந்து அதனைக் கொடுக்கின்றான். செலவு உண்டா இல்லையா என்பதன்று வினா. அதனைக் கொடுப்பவர் யார் என்பதே வினா. மேலும், அத்தூசை முதன்முதல் மூச்சில் வாங்குபவன் அத்தொழிலாளியே ஆதலின், அவன் பிழைப்பைக் காட்டி அவன் மூச்சை மறுத்தல் எங்ஙனம் அவனுக்கு நன்மையாகும்?

நாட்டின் சட்டவரம்புக்குள் இருந்தால் போதாதோ என்று மற்றொருசாரார் கூறுவர். நம் நாட்டில் 2009 இல் வகுக்கப்பெற்ற அளவின்படி ஒரு கனமீட்டர் காற்றில் நுண்டூசின் ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2021 இல் பரிந்துரைத்ததோ 5 மைக்ரோகிராம். இரண்டுக்கும் இடையே எட்டு மடங்கு வேற்றுமை. வரம்பு என்பது அரசு, இயலுவது இது என்று எண்ணி இட்ட கோடு. மயிரிழை அக்கோட்டைப் படித்துத் துடிப்பதில்லை. ஆதலின் வரம்புக்குள் இருத்தல் தொடக்கமேயன்றி முடிவன்று.

இன்னும் சிலர், மனிதவுடம்பு தன்னைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றலுடையது என்று யான் சொல்லியதனையே எனக்கெதிராகக் காட்டக்கூடும். உண்மைதான், காத்துக்கொள்ளும். ஆயின் சுமைக்கேற்ப அடியைக் குறுக்கும் அப்புரதத்தின் வரலாற்றை மீண்டும் நோக்குக. பளு ஏறினால் அது சிற்றடி வைக்கின்றது; மேலும் ஏறினால் அடி வைக்கமாட்டாது நின்றுவிடுகின்றது. சிற்றடி வைத்து நடப்பவனைக் கண்டு, "இவன் நன்கு சுமக்கின்றான், இன்னும் ஒரு மூட்டை ஏற்றுக" என்பான் இரக்கமுடைய மேலாள் ஆவானோ? நடை குறுகுதல் ஆற்றலின் அடையாளம் மட்டுமன்று. எல்லை அணுகுகின்றது என்னும் எச்சரிக்கையும் ஆகும்.

இனி, செய்யத்தக்கது யாது என்று என் சிற்றறிவுக்கு எட்டியவாறு கூறுவேன். முதலாவது, இராயபுரத்துக்கு ஒரு நீதி, எண்ணூருக்கு ஒரு நீதி என்பது ஒழிதல் வேண்டும். 2011 இல் ஓரிடத்தே தீங்கென்று தள்ளப்பெற்ற தூசு, 24 கிலோமீட்டர் வடக்கே சென்றவுடன் தீங்கற்றதாகாது. சரக்கை இடம் மாற்றுதல் தூசை நீக்குதலாகாது என்பதனை அரசினரும் ஆலையினரும் ஒப்புதல் வேண்டும். இரண்டாவது, காற்றின் நிலையை அளக்கும் கருவிகள் காட்டும் எண்கள் மக்கள் நடமாடும் தெருமுனையிலும், பள்ளி வாயிலிலும், மீன்சந்தையிலும் தமிழில், பொருள் விளங்க எழுதப்படல் வேண்டும். இன்று இவ்வளவு தூசு, ஆதலின் இளைப்புடையோரும் குழந்தைகளும் இன்னது செய்க என்று எழுதினால் எவர்க்குத்தான் விளங்காது? மூன்றாவது, அவ்வட்டாரத்துப் பிள்ளைகளின் மூச்சின் வலிமையைப் பள்ளிகளில் ஆண்டுதோறும் அளந்து குறித்துவருதல் வேண்டும். நோய் முற்றியபின் மருந்து தேடுதலினும், நடை குறுகும்பொழுதே பளுவை இறக்குதல் மேலானது.

நான்காவது எம்மனோர்க்கு உரியது. தமிழ் பயிலும் மாணவராகிய நாம் பழம்பாடல்களுக்கு உரை காண்பதோடு அமையாது, இத்தகைய புதுப்பொருள்களுக்கும் தமிழுரை காணல் வேண்டும். தைனீன் என்றும், மயிரிழை என்றும், விழுங்கணு என்றும் ஒரு தாய் தன் பிள்ளையின் இருமலைப் பற்றி மருத்துவரோடு பேசும் நாள் வருதல் வேண்டும். சொல் இல்லாதவன் வழக்காட மாட்டான். தனக்கு நேர்வது யாது என்பதற்குப் பெயர் தெரியாதவனே, "பழகிப்போயிற்று" என்னும் சொல்லில் தஞ்சம் புகுகின்றான். அவனுக்கு வேறு சொற்களை ஈதல் தமிழ் கற்றார் கடன். இதனை உயிர்நூல் மாணவரும் மருத்துவ மாணவரும் நம்மோடு கூடிச் செய்வராயின், சிறிய நூல்கள் சிலவேனும் விரைவில் வெளிவரும்.

இறுதியாக ஒன்று. இப்புரதங்களைச் சுமையாட்கள் என்று இக்கட்டுரை முழுதும் உருவகித்தேன். அவ்வுருவகம் ஓரிடத்தில் பொருந்தாது நிற்கின்றது. தைனீனுக்குப் பசியில்லை, பிள்ளைகள் இல்லை, நாளை என்பதில்லை. தேய்ந்தால் உயிரணு அதனைச் சிதைத்து வேறொன்றை ஆக்கிக்கொள்ளும். வடசென்னையில் சுமைதூக்கும் மனிதன் அத்தன்மையன் அல்லன். அவனுக்கு மாற்று இல்லை. அவன் மார்பினுள் ஓடும் அந்நுண்ணலைக்கும் மாற்று இல்லை. அவன் நமக்காகச் சுமக்கும் மூட்டைகள் போதும். நம் சாம்பலையும் அவன் மூச்சின்மேல் ஏற்றாதிருப்போமாக.